வைஃபையா, ஜிக்பீயா, இசட்-வேவா: சுவர் ஸ்விட்சுக்கு எது?

கேள்வி: 9 ஜூன் 2024, மாலை 6.15

கோவை சரவணம்பட்டியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். சுவரில் பைப் பதித்தாகிவிட்டது, பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை. 26 விளக்குகள், 7 மின்விசிறிகள். எல்லாவற்றையும் கைபேசியிலும் குரலிலும் இயக்க ஆசை. கடைக்காரர் வைஃபை தொடுபலகை போதும் என்கிறார். அலுவலக நண்பர் ஜிக்பீ என்ற வேறொரு கம்பியில்லா முறையைச் சொல்கிறார். அதுபோன்ற இசட்-வேவ்தான் உறுதியானது என்று இணையத்தில் படித்தேன். வயர் இழுப்பவர் நாளை மறுநாள் வருகிறார். அனுபவம் உள்ள அண்ணன்மார் ஒரே வரியில் சொல்லுங்கள்.

9 ஜூன் 2024, இரவு 9.40

ஒரே வரி: எல்லா ஸ்விட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) இழுக்கச் சொல்லுங்கள் தம்பி. இந்த மூன்றில் எந்த ரேடியோ என்பதை அதன் பிறகு பேசலாம்.

ஸ்விட்சுக்குள் உட்காரும் ரேடியோவுக்கு எப்போதும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். சாதாரண ஸ்விட்சுக்கு ஃபேஸ் மட்டும் போதும். அது உள்ளே வந்து, விளக்குக்குத் திரும்பிப் போகும். ரேடியோவுக்கு அது போதாது. நம் ஊர் பலகைகளில் பெரும்பாலும் ஐந்து ஆம்பியர் சாக்கெட்டும் சேர்ந்தே இருப்பதால் அங்கே நியூட்ரல் தானாக வந்துவிடும். சாக்கெட் இல்லாத பெட்டிகள்தான் சிக்கல்: மாடிப்படியின் டூ-வே ஸ்விட்ச், வாசல் விளக்கு, குளியலறைக்கு வெளியே இருக்கும் ஒற்றை ஸ்விட்ச். நியூட்ரல் இல்லாமலே வேலை செய்யும் கருவிகள் உண்டு. அவை விளக்கின் வழியாகவே சிறு மின்னோட்டத்தை விட்டு உயிர் வாழ்கின்றன. பழைய குண்டு பல்புக்கு அது பொருட்டே இல்லை. 5 வாட் எல்.இ.டி. பல்போ அணைத்த பிறகும் மங்கலாக எரியும், இல்லையென்றால் மினுக்கும். என் வீட்டுப் படிக்கட்டில் ஒன்றரை ஆண்டு அந்த மினுக்கலோடு வாழ்ந்திருக்கிறேன்.

10 ஜூன் 2024, காலை 5.50

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. நியூட்ரல் எந்தச் சுற்றிலிருந்து வருகிறது என்பது முக்கியம். மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுற்றுக்கு ஒன்றாக இருந்தால், ஒரு சுற்றின் ஃபேஸையும் மற்றொரு சுற்றின் நியூட்ரலையும் சேர்த்தால் அது விழுந்துகொண்டே இருக்கும். இன்வெர்ட்டர் லைன் உள்ள வீட்டில் இந்தக் குழப்பம் இரட்டிப்பு. அந்தந்தச் சுற்றின் நியூட்ரலை அந்தந்தப் பெட்டிக்கே கொண்டுவரச் சொல்லுங்கள்.

பெட்டியும் ஆழமாக இருக்கட்டும். எட்டு மாடுலர் பெட்டிக்குள் நான்கு ரிலே கருவிகளையும் (ரேடியோ சொன்னபடி விளக்கை எரித்து அணைப்பவை) அத்தனை வயரையும் திணித்து பிளேட் மூடுவதற்குள் எங்கள் எலக்ட்ரீஷியனின் விரல் நகம் பெயர்ந்துவிட்டது.

10 ஜூன் 2024, காலை 6.30

தூக்கத்தில் தோன்றியது, எழுதிவிடுகிறேன். உங்கள் சுவர் இன்னும் பூசப்படவில்லை. அப்படியானால் வயர்லெஸ் கட்டாயமே இல்லை. ஒவ்வொரு விளக்கின் வயரையும் நேராக டி.பி. பெட்டிக்கே (வீட்டுச் சுற்றுகள் பிரியும் பெட்டி) கொண்டுவந்து, அங்கே ரிலே வரிசையை வைத்து, சுவரில் காலிங்பெல் ஸ்விட்சுகளை மட்டும் வைக்கலாம். செம்பு கூடுதலாகச் செலவாகும், ஆனால் இருபது ஆண்டுக்கு ரேடியோ பற்றிய பேச்சே எழாது. நான் 1994-இல் கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். எனக்கு அந்த வழி இல்லை. உங்களுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது.

15 ஜூன் 2024

தம்பி நியூட்ரல் இழுத்துவிட்டார், டி.பி. யோசனையைப் பட்ஜெட் காரணமாக விட்டுவிட்டார். சரி, ரேடியோவுக்கு வருவோம்.

நான் தொடங்கியது வைஃபையில். எங்கள் வீடு பாளையங்கோட்டை, கீழும் மேலும் இரண்டு தளம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். முதலில் 14 வைஃபை கருவிகள். காரணம் எளிது: ஜிக்பீ, இசட்-வேவுக்குப்போல் தனியாக மையக் கருவி வாங்க வேண்டாம், விலை குறைவு, கடையில் கிடைக்கிறது. 2014-இல் வந்த இ.எஸ்.பி. 8266 என்ற மலிவான சில்லுதான் இந்தக் கருவிகளை இவ்வளவு பரவலாக்கியது. அதில் டாஸ்மோட்டா, இ.எஸ்.பி. ஹோம் போன்ற திறந்த மென்பொருளை ஏற்றினால் கம்பெனியின் சர்வர் இல்லாமலே வீட்டுக்குள் இயங்கும். அப்படி ஏற்றிய எட்டுக் கருவிகள் எனக்கு நன்றாகவே உழைத்தன.

ஆனால் ஒவ்வொரு ஸ்விட்சும் ரவுட்டரின் கண்ணில் ஒரு கைபேசிக்குச் சமம். கைபேசிகள், தொலைக்காட்சி, மடிக்கணினிகளோடு சேர்ந்து எண்ணிக்கை இருபத்தைந்தைத் தாண்டியபோது இணைய இணைப்போடு இலவசமாக வந்த ரவுட்டர் மூச்சு வாங்கத் தொடங்கியது. தங்கையின் பெண் இணைய வகுப்பில் இருக்கும்போது இணைப்பு அறுந்தது. நல்ல ரவுட்டர் வாங்கினால் இது தீரும், மறுக்கவில்லை. அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்தால் மையக் கருவி வேண்டாம் என்ற மிச்சம் காணாமல் போகிறது.

16 ஜூன் 2024, இரவு

வைஃபை தொடுபலகை பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் விற்க நினைப்பது அதைத்தான்.

2023 டிசம்பர் 17, 18. தாமிரபரணி ஊருக்குள் வந்த நாட்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரமும் போய்விட்டது. இன்வெர்ட்டரைச் சிக்கனமாக ஓட்டினோம்: அம்மா அறையில் ஒரு விளக்கு, ஒரு விசிறி, சமையலறையில் ஒரு விளக்கு.

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. இரண்டு கண்ணிலும் கண் அழுத்த நோய். அவர் அறையில் கண்ணாடித் தொடுபலகை இருந்தது. மின்சாரம் திரும்பிய மூன்றாம் நாள், வந்த வேகத்தில் அழுத்தம் எகிறியதோ என்னவோ, பலகை செத்துவிட்டது. விளக்கு நல்ல விளக்கு, விசிறி நல்ல விசிறி, வயரில் மின்சாரம் இருக்கிறது. அழுத்துவதற்கு மட்டும் எதுவும் இல்லை. உள்ளே ரிலேயும் தொடு சுற்றும் ஒரே அட்டையில் இருப்பதால் ஒன்று போனால் எல்லாம் போயிற்று. மாற்றுப் பலகை வர ஒன்பது நாள் ஆனது. அதுவரை அம்மா கூடத்தில் படுத்தார்.

அதே வீட்டில், பழைய ஸ்விட்சுக்குப் பின்னால் சிறு ரிலே கருவி மறைத்து வைத்திருந்த பெட்டியிலும் ஒன்று அன்று கருகியது. மெயினை அணைத்து, கருவியைக் கழற்றி, இரண்டு வயரைப் பழையபடி ஸ்விட்சில் சேர்த்தோம். பத்து நிமிடம். சாதாரண ஸ்விட்சாக எரிந்தது.

அன்றிலிருந்து ஒரு தீர்மானம். எந்த ரேடியோவானாலும் சுவரில் கைக்குத் தட்டுப்படும் உண்மையான ஸ்விட்ச் இருக்க வேண்டும். கருவி செத்தால் அது இல்லாமலே விளக்கு எரிய வேண்டும். இந்த இரண்டும் இல்லாத எதையும் என் வீட்டுச் சுவரில் ஏற்ற மாட்டேன்.

23 ஜூன் 2024

இசட்-வேவ் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

நல்ல தொழில்நுட்பம்தான். டென்மார்க்கில் பிறந்தது. வைஃபையும் ஜிக்பீயும் நெருக்கியடிக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு வராமல் அதற்கு வெகு கீழே பேசுகிறது. அலைவெண் குறைந்தால் சுவரை ஊடுருவுவது எளிது, நெரிசலும் குறைவு. நம் நாட்டில் அதற்கு 865.2 மெகாஹெர்ட்ஸ். 865 முதல் 867 வரையிலான பட்டையை 2005-லேயே உரிமம் இல்லாமல் பயன்படுத்த அரசு அனுமதித்துவிட்டது.

சிக்கல் கடையில் இருக்கிறது. இந்திய அலைவெண்ணில் வரும் கருவிகள் கொஞ்சம், விலை அதிகம். நியூஜெர்சியில் இருக்கும் அத்தான் அன்போடு ஆறு ஸ்விட்சுகள் வாங்கி அனுப்பினார். இரண்டு காரணத்தால் அவை இன்னும் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. அமெரிக்க இசட்-வேவ் 908.42 மெகாஹெர்ட்ஸில் பேசும். இங்கே அந்த இடம் கைபேசிகள் கோபுரத்தோடு பேசும் 900 பட்டைக்குள் வருகிறது, நாம் அங்கே ஒலிபரப்பக் கூடாது. அதோடு அவை 120 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230 வோல்ட்டில் போட்டால் புகைதான் வரும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வருகிறார், வாங்கி வரச் சொல்லவா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம், மிக்ஸியைப் போலவே இதுவும் அந்தந்த ஊரில் வாங்க வேண்டிய பொருள்.

7 ஜூலை 2024

மேட்டர் வந்துவிட்டது, இனி ஜிக்பீ செத்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு வேறு பொருளை ஒரே தராசில் வைக்கிறார்.

மேட்டர் ரேடியோ அல்ல. கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி. 2022 அக்டோபரில் அதன் முதல் பதிப்பு வந்தது. அந்த மொழியை வைஃபை மேலும் பேசலாம், த்ரெட் மேலும் பேசலாம், கம்பி மேலும் பேசலாம். த்ரெட்தான் ரேடியோ வலை. அதுவும் ஜிக்பீ உட்கார்ந்திருக்கும் அதே 802.15.4 என்ற ரேடியோ தரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அதே 2.4 கிகாஹெர்ட்ஸில். ஆகவே உங்கள் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் ஜிக்பீயை எப்படித் தடுக்குமோ அப்படியே த்ரெட்டையும் தடுக்கும். த்ரெட்டின் உண்மையான நன்மை வேறு: வலைக்கு நிரந்தரத் தலைவன் கிடையாது, வலையை வீட்டு இணைப்போடு சேர்க்கும் எல்லைக் கருவி இரண்டு மூன்று வைத்துக்கொள்ளலாம், ஒன்று போனால் மற்றது தாங்கும். ஜிக்பீயில் ஒருங்கிணைப்பாளர் ஒருவர்தான். மையக் கணினியில் செருகும் அந்த யு.எஸ்.பி. துண்டு கெட்டால் வலைக்கே கேடு.

புது வீட்டுக்கு வாங்குபவர் மேட்டர் முத்திரை உள்ளதைப் பார்ப்பது நல்லது. வைஃபைக்குப் பிறகு நான் மாறிய ஜிக்பீயில் ஏற்கெனவே இருக்கும் 17 கருவிகளைக் கழற்ற எனக்குக் காரணம் தெரியவில்லை.

28 ஜூலை 2024

ஆடிக் காற்று. நேற்று மட்டும் ஐந்து முறை மின்தடை. இந்தக் காற்று எனக்கு ஒரு பாடத்தைக் காட்டிவிட்டது.

ஜிக்பீ வலையின் பெருமை, மின்சாரத்தில் இணைந்த ஒவ்வொரு கருவியும் அடுத்த கருவியின் செய்தியைக் கைமாற்றிக் கொடுப்பது. கருவி கூடக் கூட வலை வலுக்கும் என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை அல்ல. என் 17 கருவிகளில் 11 மட்டுமே இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றன. மின்சாரம் போனதும் மற்ற ஆறும் ஒரே நேரத்தில் செத்துவிடுகின்றன. மாடிப்படித் திருப்பத்தில் இருக்கும் பேட்டரி அசைவு உணரி அந்த ஆறில் ஒன்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைபோல் நாற்பது நிமிடம் யாரையும் சேராமல் நின்றது. அந்த இருட்டுக்காகத்தான் அதை வைத்தேன், அந்த இருட்டிலேயே அது வேலை செய்யவில்லை.

மருந்து சிறியது. படிக்கட்டுக்கு அருகில் இன்வெர்ட்டர் சாக்கெட்டில் ஒரு ஜிக்பீ பிளக்கைச் செருகி, உணரியை அதன் வழியாகச் சேர்த்தேன். வெளிநாட்டுக் கட்டுரை எதிலும் இதைப் படித்த நினைவில்லை. அங்கே வீட்டின் பாதி மட்டும் உயிரோடிருக்கும் நிலை வருவதில்லை போலிருக்கிறது. நம் வீடுகளில் வலையின் வரைபடத்தை இரண்டு முறை வரைய வேண்டும்: மின்சாரம் இருக்கும்போது ஒன்று, இல்லாதபோது ஒன்று.

29 ஜூலை 2024

மின்சாரம் திரும்பும்போது எல்லா விளக்கும் தானாக எரிகிறது என்று ஒருவர் கேட்டார். கருவியின் அமைப்பில் மின்சாரம் வந்தபின் நிலை என்று ஒரு வரி இருக்கும். முந்தைய நிலை என்று வையுங்கள். பல கருவிகள் எரியும் நிலையோடு தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. நள்ளிரவு இரண்டு மணிக்கு வீடு முழுக்க வெளிச்சம் வந்தால் முதியவர்கள் திடுக்கிட்டு எழுவார்கள்.

18 ஆகஸ்ட் 2024

திருத்தம். இதே கருவிகள் சும்மா இருக்கும்போதே ஆளுக்கு இரண்டு வாட் தின்கின்றன என்று வேறொரு இழையில் எழுதியிருந்தேன். தவறு. மலிவான பிளக் மீட்டரில் ஒற்றைக் கருவியை அளந்தேன். அவ்வளவு சிறிய சுமையை அது சரியாகக் காட்டாது. இன்று மேசை மீது பத்துப் பத்தாகச் சேர்த்து அளந்தேன். பத்து வைஃபை கருவிகள் 9 வாட், பத்து ஜிக்பீ கருவிகள் 4 வாட்.

ஒரு வாட் இடைவிடாமல் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 1.44 யூனிட். இருபது ஸ்விட்சுக்கு வைஃபையில் சுமார் 26 யூனிட், ஜிக்பீயில் பதினொன்றரை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதை நினைத்தால், யாரும் தொடாத ஸ்விட்சுகள் அந்த நூறில் கால் பங்கைச் சாப்பிடுவது எனக்கு உறுத்துகிறது. இன்வெர்ட்டர் பேட்டரி ஓடும்போது இன்னும் உறுத்துகிறது.

14 செப்டம்பர் 2024

மற்றொரு திருத்தம், இது பெரியது. ஜிக்பீயை 25-ஆம் சேனலில் வையுங்கள், வைஃபை அங்கே எட்டாது என்று சிலருக்குத் தனியாகச் சொல்லியிருந்தேன். அவர்களில் ஒருவருக்கு மாலையானால் ஸ்விட்ச் தாமதிக்கிறது. எனக்கும் இரண்டு வாரமாக அதே நோய்.

25-ஆம் சேனல் 2475 மெகாஹெர்ட்ஸ். வைஃபையின் 11-ஆம் சேனல் 2473 அருகே முடிந்துவிடும், ஆகவே பாதுகாப்பு என்பது கணக்கு. அது அமெரிக்கக் கணக்கு. அங்கே வைஃபை வழக்கமாக 11-ஓடு நிற்கும். நம் நாட்டில் 13 வரை அனுமதி உண்டு. 13-இன் நடுப்புள்ளி 2472. என் ரவுட்டர் தானாகச் சேனல் தேர்ந்தெடுக்கும் அமைப்பில் 13-க்குப் போய் ஜிக்பீயின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. ரவுட்டரை 1-இல் நிறுத்தி, ஜிக்பீயை 20-க்கு, அதாவது 2450-க்கு, மாற்றினேன். 17 கருவிகளில் நான்கை மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது. என் பேச்சைக் கேட்டு 25-இல் வைத்தவர்கள் முதலில் ரவுட்டர் எந்தச் சேனலில் இருக்கிறது என்று பாருங்கள். தொந்தரவுக்கு மன்னியுங்கள்.

ஜிக்பீ யு.எஸ்.பி. துண்டை யு.எஸ்.பி. 3 துளையில் நேரடியாகச் செருகாதீர்கள். அந்தத் துளையே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்பும். ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் போதும்.

15 செப்டம்பர் 2024

சுவருக்குள் இருப்பது ஜி.ஐ. பெட்டியா (துத்தநாகம் பூசிய இரும்பு), பிளாஸ்டிக் பெட்டியா என்று கேட்டவருக்கு: ஜி.ஐ. பெட்டி ஐந்து பக்கமும் ரேடியோவை மூடும், முன்பக்கம் மட்டும் திறந்திருக்கும். கருவியை அடியில் தள்ளாமல் பிளேட்டுக்கு நெருக்கமாக வையுங்கள். உலோகப் பூச்சுள்ள அலங்கார பிளேட் வேண்டாம்.

20 அக்டோபர் 2024

அம்மாவின் அறைக்கு என்ன செய்தேன் என்று தம்பி கேட்டிருந்தார். மூன்று முறை மாற்றினேன்.

தொடுபலகை போன பிறகு சாதாரண ஸ்விட்சையும் பின்னால் ரிலே கருவியையும் வைத்தேன். அதில் ஒரு நுணுக்கம். உணரி விளக்கை எரித்துவிட்டால் ஸ்விட்சின் நிலைக்கும் விளக்கின் நிலைக்கும் தொடர்பு அறுந்துவிடும். மேல்நோக்கி இருக்கும், விளக்கு எரியும். நமக்கு அது ஒன்றுமில்லை. அம்மாவுக்குக் கண்ணைவிட விரல்தான் சாட்சி. "கீழே அழுத்தினால் எரியணும்டா, எரிகிறதா என்று நான் தடவித்தான் பார்க்கிறேன்" என்றார். ஐம்பது ஆண்டுப் பழக்கத்தை நான் ஒரு நாளில் கலைத்திருக்கிறேன்.

காலிங்பெல் ஸ்விட்ச் வைத்துப் பார்த்தேன். அழுத்தினால் மாறும், நிலை என்று எதுவும் இல்லாததால் குழப்பம் வராது என்று நினைத்தேன். இரண்டு முறை அழுத்திவிட்டு, எரிந்ததா அணைந்ததா தெரியாமல் நின்றார்.

இப்போது அவர் அறையின் ஸ்விட்சுகளில் எந்த ரேடியோவும் இல்லை. பழைய ஸ்விட்ச், பழைய வயர், கீழே அழுத்தினால் எரியும். கட்டிலுக்கு அடியிலும் குளியலறை வாசலிலும் கணுக்கால் உயரத்தில் இரண்டு சிறு விளக்குகள், இன்வெர்ட்டர் லைனில். அவற்றை மட்டும் ஜிக்பீ அசைவு உணரி எரிக்கிறது. உணரியையும் அந்த விளக்குகளையும் நேரடியாகப் பிணைத்துவிட்டேன். ஜிக்பீயில் அது முடியும். மையக் கணினி அணைந்திருந்தாலும், இணையம் இல்லாவிட்டாலும், அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும். சோதிக்கக் கணினியைப் பிடுங்கிவிட்டு நானே கட்டிலிலிருந்து காலை இறக்கிப் பார்த்தேன். எரிந்தது.

3 நவம்பர் 2024

கம்பெனி சர்வரை நம்பலாமா என்ற கேள்விக்கு ஒரு நடந்த கதை. அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற ஸ்விட்ச் நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பு இல்லாமல் சர்வரை நிறுத்தியது. கைபேசிச் செயலிகள் ஊமையாகிவிட்டன. சுவர் ஸ்விட்சுகளைக் கையால் அழுத்தினால் மட்டும் விளக்குகள் எரிந்தன. பின்னர் வாடிக்கையாளர்களே சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கினார்கள்.

எனக்கு இதைவிட நெருக்கமான காரணம் ஒன்று சென்ற வாரம் கிடைத்தது. வீட்டுக் கருவிகளை இயக்க என் கணினியில் வைத்திருக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளின் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "நேற்று மூன்று முறை எழுந்தீர்களா, உடம்புக்கு என்ன?" என்று அம்மாவிடம் கேட்டேன். அக்கறையில்தான் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "நான் எத்தனை மணிக்கு ஒன்றுக்குப் போகிறேன் என்று இந்தப் பெட்டி எழுதி வைக்கிறதா?" என்றார். எனக்குப் பதில் இல்லை. என் வீட்டுக் கணினியில் இருப்பதற்கே இப்படி என்றால், இதே பதிவு எங்கோ ஒரு நாட்டுச் சர்வரில் இருப்பதை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

அந்த உணரியைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டேன், பழைய பதிவுகளையும் அழித்தேன். விளக்கும் உணரியும் நேராகப் பிணைந்திருப்பதால் எதுவும் நிற்கவில்லை.

17 நவம்பர் 2024

தம்பி பூச்சு முடித்துவிட்டார். 26 விளக்குகளில் 11-க்கு மட்டும் ஜிக்பீ, மற்றவை சாதாரண ஸ்விட்ச், எல்லாப் பெட்டியிலும் நியூட்ரல் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பதினொன்றில் எவை இன்வெர்ட்டர் லைனில் வருகின்றன என்று வரைந்து அனுப்புங்கள் தம்பி, கருவி வாங்குவதற்கு முன் பார்த்துவிடலாம். மோட்டாரையும் கீசரையும் 10 ஆம்பியர் ரிலேயில் சேர்க்காதீர்கள், அவற்றுக்குத் தனி கான்டாக்டர் (பெரிய சுமையைத் தாங்கும் ரிலே) வேண்டும்.